எகிப்தின் பழைய தெய்வங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய எகிப்தைப் பற்றி நூலகங்களிலும் பள்ளிகளிலும் படம் போட்டுப் பேசி வருகிறேன். ஊர் மாறினாலும் பேச்சுக்குப் பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. அதனால் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

மொத்தம் எத்தனை கடவுள்? எதுக்கு எது கடவுள்னு ஒரு பட்டியல் கொடுங்களேன்.

எண்ணி முடிக்க முடியாது. கி.மு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்றாம் துட்மோஸ் மன்னரின் கல்லறையில், முன்னறைச் சுவர்கள் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெய்வங்களை வரைந்து பெயர் எழுதியிருக்கிறார்கள். எழுநூறுக்கும் மேல் வருகிறது. அதுவும் இரவு நேரத்தில் சூரியன் கடந்துபோகும் பாதாள உலகத்தில் இருப்பவர்களின் கணக்கு மட்டும்தான்.

"ரா சூரியன், தோத் எழுத்து, ஹாத்தோர் காதல்" என்ற பட்டியல் பரீட்சைக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு ஒரு எகிப்தியக் கோயிலுக்குள் போனால் பத்து நிமிடத்தில் குழம்பிவிடுவீர்கள். ஹாத்தோரையே எடுத்துக்கொள்ளுங்கள். காதல், இசை, குடி, பிள்ளைப்பேறு எல்லாம் அவளிடம். சினாய் மலையில் டர்க்காய்ஸ் கல் தோண்டியவர்களுக்கு அந்தக் கல்லின் தலைவியும் அவளே. அங்கே சுரங்கத்துப் பக்கத்திலேயே அவளுக்குக் கோயில் இருந்தது. தீப்ஸ் நகரத்தின் மேற்கு மலையிலோ, இறந்தவரை வரவேற்க வரும் பசு அவள். ஆளுக்கு ஒரு இலாகா கொடுத்த மந்திரிசபை மாதிரி இந்தத் தெய்வங்களை நினைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எந்த ஊர், எந்தக் காலம், கேட்பவருக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்து ஒரே தெய்வத்தின் வேலை மாறும். கீழே வரும் பதில்கள் பலவும் இதையேதான் வேறு வேறு இடத்தில் காட்டப்போகின்றன.

தலை மட்டும் ஏன் விலங்கு? நரித்தலை மனுஷன் நிஜமாவே இருக்கான்னு நம்பினாங்களா?

அப்படி நம்பியதாகத் தெரியவில்லை. தோத்தை அரிவாள்மூக்கன் பறவையாக வரைவார்கள், பபூன் குரங்காக வரைவார்கள், பறவைத் தலை வைத்த மனிதனாகவும் வரைவார்கள். ஹாத்தோர் ஓர் இடத்தில் முழுப் பசு, ஓர் இடத்தில் அழகிய பெண், இன்னோர் இடத்தில் மாட்டுக் காது வைத்த பெண். உருவம் இதுதான் என்று நம்பியவர்கள் இப்படி மாற்றி மாற்றி வரைந்திருக்க மாட்டார்கள். ஆமுனைப் பாடும் ஒரு பாப்பிரஸ் சுவடி, அவருடைய உண்மையான உருவம் மற்ற தெய்வங்களுக்கே தெரியாது என்கிறது.

படத்தில் தலை, இவர் யார் என்று சொல்லும். உடம்பு மனித உடம்பாக இருந்தால்தான் செங்கோல் பிடிக்கலாம், படையல் வாங்கலாம், அரசனைத் தோளில் தொட்டு அணைக்கலாம். காலைச் சூரியனான கெப்ரியை அரசி நெஃபர்தாரியின் கல்லறையில் பாருங்கள்: கழுத்துக்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழுச் சாணவண்டு உட்கார்ந்திருக்கிறது. சாயல் பிடிக்கும் எண்ணம் அந்த ஓவியனுக்கு இருந்திருக்கவே முடியாது. பெரும்பாலான உருவங்களில் தலையும் உடம்பும் சேரும் இடம் நமக்கு உறுத்தாததற்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. தோளில் விழும் நீண்ட பொய்முடி அந்த இணைப்பை மறைத்துவிடும்.

அப்போ பூனையைக் கும்பிட்டாங்கங்கிறது பொய்யா?

பாதி உண்மை. இரண்டு வழக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரே ஒரு விலங்கைத் தெய்வம் தங்கும் உடலாகக் கொண்டாடுவது. மெம்பிஸ் நகரத்தின் ஆப்பிஸ் காளை அப்படி. உடம்பில் குறிப்பிட்ட அடையாளங்கள் உள்ள ஒரு காளையைத் தேடிப்பிடித்து வருவார்கள். ஒரு காலத்தில் ஒன்றுதான் இருக்கும். செத்தால் அரச மரியாதையோடு பதப்படுத்திப் புதைத்துவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். அந்தக் காளைகளின் சுரங்கக் கல்லறையை ஓகுஸ்த் மரியத் 1850-51 வாக்கில் சக்காராவில் கண்டுபிடித்தார். ஒவ்வொரு கல்பெட்டியும் பல பத்து டன் எடை.

இரண்டாவது, நேர்த்திக்கடன். கி.மு. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் இது பெரிய தொழிலாகவே நடந்தது. பாஸ்டெட்டுக்குப் பூனை, தோத்துக்கு அரிவாள்மூக்கன், ஹோரஸுக்குப் பருந்து என்று பதப்படுத்திய விலங்கை வாங்கிச் செலுத்தலாம். இதற்காகவே வளர்த்து, சின்ன வயதிலேயே கொன்றும் இருக்கிறார்கள். மான்செஸ்டர் அருங்காட்சியகக் குழு எண்ணூறுக்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் விலங்கின் எலும்பே இல்லை. உள்ளே சேறும் குச்சியும் நாணலும்தான். மோசடி என்று சிலர் சொல்கிறார்கள். கொஞ்சம் மிச்சம் மீதி இருந்தாலும் காணிக்கை காணிக்கைதான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சோகமான கொசுறு ஒன்று: 1890-இல் ஏறக்குறைய 1,80,000 பூனை மம்மிகள் கப்பலில் லிவர்பூலுக்குப் போய் வயலுக்கு உரமாக விலைபோயின.

சுவர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் நிக்கிறாங்க. யார் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முகத்தைப் பார்க்காதீர்கள், தலைக்கு மேல் பாருங்கள். இரண்டு உயரமான இறகு என்றால் ஆமுன். ஒற்றை இறகு என்றால் மாத், அதாவது உலக ஒழுங்கும் நீதியும். சிம்மாசனம் போன்ற குறி ஐசிஸ். பிறையும் அதன்மேல் முழுநிலவும், பக்கவாட்டில் சிறுவர் குடுமியும் என்றால் கோன்சு. மெம்பிஸ் நகரத்துத் தெய்வமான ப்தாவுக்கு மகுடமே கிடையாது. தலையை ஒட்டிய குல்லா, உடம்பு முழுக்கச் சுற்றிய துணி, நேரான தாடி. நைல் வெள்ளத்தின் உருவமான ஹாப்பி ஆண்தான், ஆனால் தொப்பையும் தொங்கும் மார்பும் இருக்கும். வெள்ளம் கொண்டுவரும் செழிப்பு அது.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். பசுக்கொம்புகளுக்கு நடுவே சூரிய வட்டம் இருந்தால் ஹாத்தோர் என்று படித்திருப்பீர்கள். பிற்காலத்தில் ஐசிஸ் அந்தக் கிரீடத்தை எடுத்துக்கொண்டாள். அங்கே பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்தால்தான் தீர்வு. எகிப்தியர்களும் பெயரை நம்பித்தான் இருந்தார்கள், அதனால்தான் ஏறக்குறைய எல்லா உருவத்துக்கும் மேலே எழுதி வைத்தார்கள்.

ஒசைரிஸ் ஏன் பச்சையா இருக்கார்? உடம்பு அழுகிட்டதா?

நேர்மாறு. ஒசைரிஸ் செத்து, இறந்தவர் உலகத்துக்கு அரசனான தெய்வம் (கதை கீழே வரும்). பச்சை முளைக்கும் பயிரின் நிறம். சில படங்களில் அவர் கறுப்பு. அது நைல் வெள்ளம் விட்டுப்போகும் வண்டலின் நிறம், அதுவும் உயிர்ப்புதான். நரித்தலைத் தெய்வமான அனுபிஸ் கறுப்பாக இருப்பதற்கும் இதே காரணம் சொல்வார்கள். தெய்வங்களின் சதை தங்கம், எலும்பு வெள்ளி, முடி நீலமணிக்கல் என்று பழைய கதை ஒன்று சொல்கிறது. சிலைகளுக்கு ஏன் தங்கமும் நீலக்கல்லும் தேடினார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

எல்லாரும் பக்கவாட்டிலயே பார்க்கிறாங்க. நேரா வரையத் தெரியாதா?

தெரியும். பெஸ் என்ற குள்ளத் தெய்வம் நாக்கை நீட்டிக்கொண்டு உங்களையே நேராக முறைப்பார். ஹாத்தோர் தூண்களில் அவள் முகமும் நேர்முகம்தான். மற்றவர்களுக்கு, உடம்பின் ஒவ்வொரு பகுதியும் எந்தக் கோணத்தில் தெளிவாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் வரைந்து சேர்ப்பது விதி. முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் பக்கவாட்டில். படம் குறையில்லாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பது அவர்கள் கணக்கு. இந்த "வேலை செய்யும்" என்பதற்குக் கீழே, மூக்கு உடைந்த சிலைகள் பற்றிய கேள்வியில் வருகிறேன்.

ரா பெருசா, ஆமுன் பெருசா? 'ஆமுன்-ரா'ன்னு வேற ஒருத்தர் வர்றாரே?

ரா பழையவர், ஹீலியோபோலிஸ் நகரத்தின் சூரியன். ஆமுன் தீப்ஸ் நகரத்துத் தெய்வம், தொடக்கத்தில் பெரிய பெயர் இல்லை. தீப்ஸிலிருந்து வந்த அரசர்கள் நாடு முழுவதையும் ஆளத் தொடங்கியதும் அவர்களோடு ஆமுனும் உயர்ந்தார். ராவை ஓரம்கட்டாமல் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆமுன்-ரா என்றால் புதிதாக மூன்றாவது ஒருவர் வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இருவரில் ஒருவர் காணாமல் போனார் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தீப்ஸின் கர்னாக் கோயிலில் ஆமுன்-ராவுக்குப் பூசை நடந்த அதே காலத்தில் ரா தனியாகவும் கும்பிடப்பட்டார்.

இந்தச் சேர்க்கை அவர்களுக்கு மிகச் சாதாரணம். விடியலில் கெப்ரி, நடுப்பகலில் ரா, மாலையில் ஆட்டும் (Atum) என்று சூரியன் ஒருவனே மூவராவான். ப்தா, கல்லறைத் தெய்வமான சோகர், ஒசைரிஸ் மூவரும் சேர்ந்து ஒரே சிலையாக இறந்தவரின் கல்லறைக்குள் போவார்கள். உலகத்தைப் படைத்தது யார் என்றாலும் இப்படித்தான் பல பதில்: ஹீலியோபோலிஸில் கேட்டால் ஆட்டும், மெம்பிஸில் கேட்டால் மனத்தில் நினைத்து வாயால் சொல்லியே படைத்த ப்தா, எஸ்னாவில் கேட்டால் குயவன் சக்கரத்தில் மனிதரை வனைந்த க்னூம். இதில் எது சரி என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோயில்ல தினமும் என்ன நடக்கும்?

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அபிடோஸ் ஊரில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் சன்னதிச் சுவர்களில் அன்றாடப் பூசையைப் படிப்படியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எகிப்தின் சிற்பங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தவை இவை. வண்ணமும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

விடியற்காலையில் பூசாரி குளித்து, உடம்பு முழுக்க மழித்து, வெள்ளை லினன் துணி உடுத்தி வருவார். கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்து, தாழ்ப்பாளை இழுத்து, கதவைத் திறந்து தரையில் விழுந்து வணங்குவார். தூபம் காட்டி, சிலையின் பழைய துணியைக் களைந்து, சுத்தம் செய்து, புதுத் துணி சாத்தி, சுண்டுவிரலால் நறுமண எண்ணெய் தொட்டு வைப்பார். ரொட்டி, பீர், இறைச்சி, பழம் எல்லாம் படைப்பார்கள். முடிந்ததும் கதவை மூடி முத்திரையிட்டு, தன் காலடித் தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு பின்வாங்கி வெளியேறுவார். படைத்த உணவு வீணாகாது. அது அடுத்தடுத்த தெய்வங்களுக்கும் பிறகு கோயில் ஊழியர்களுக்கும் போகும், அவர்கள் சம்பளத்தில் அதுவும் ஒரு பங்கு.

பூசாரி என்றதும் ஆயுள் முழுவதும் துறவு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் முறைவைத்து வேலை பார்த்தவர்கள். தங்கள் குழுவின் மாதம் முடிந்ததும் வீட்டுக்கும் வேறு தொழிலுக்கும் திரும்பிவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளை எல்லாம் உண்டு.

சாதாரண ஜனங்க உள்ளே போகலாமா? போக முடியாதுன்னா அவங்க எப்படிக் கும்பிட்டாங்க?

கருவறைக்குள் போக முடியாது. ஆனால் வழிகள் நிறைய இருந்தன. கோயிலின் வெளிச்சுவர்ப் பக்கம், வாசல் பக்கம் நின்று வேண்டிக்கொள்வார்கள். மெம்பிஸில் ப்தா கோயிலருகே காது செதுக்கிய சிறு கற்பலகைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் ஒரு ஜோடி, சிலவற்றில் வரிசை வரிசையாகக் காதுகள். "கேளும் சாமி" என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

அப்புறம் திருவிழா. ஓபெட் விழாவில் ஆமுனை ஒரு படகு வடிவப் பல்லக்கில் வைத்துப் பூசாரிகள் தோளில் சுமந்து கர்னாக்கிலிருந்து லக்சர் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மூன்றாம் துட்மோஸ் காலத்தில் பதினொரு நாள் நடந்த விழா, மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் மூன்று வாரத்தைத் தாண்டியது. அப்போதும் சிலை திரைக்குள்தான். ஜனங்கள் பார்ப்பது படகையும் திரையையும். ஊர்வலத்தை மறித்துக் கேள்வி கேட்கலாம் என்பது எனக்குச் சுவாரசியமான விஷயம். படகு முன்னால் நகர்ந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை. அரசர் கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்கள் வாழ்ந்த டெய்ர் எல்-மதீனாவில் திருட்டு வழக்கு, வீட்டுத் தகராறு எல்லாம் இப்படித் தீர்த்திருக்கிறார்கள். அங்கே தீர்ப்புச் சொன்னது, செத்துத் தெய்வமாகிவிட்ட முதலாம் ஆமென்ஹோடெப் அரசரின் சிலை.

அதே ஊரில் நெஃபர்ஆபு என்ற தொழிலாளி ப்தாவின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்ததாகவும், அதனால் பகலிலேயே இருட்டைப் பார்க்க வைத்தார் ப்தா என்றும் ஒரு கல்லில் எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கல் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் பெரிய கோயில் தெய்வங்களைவிடப் பெஸ்ஸும் தவரெட்டும்தான் நெருக்கம். தவரெட் நிமிர்ந்து நிற்கும் கர்ப்பிணி நீர்யானை. பிரசவத்துக்கும் குழந்தைக்கும் காவல்.

ஒசைரிஸ் கதையைச் சுருக்கமா சொல்லுங்க.

ஒசைரிஸ் நல்ல அரசன். தம்பி சேத் அவனைக் கொன்றான். மனைவி ஐசிஸும் அவள் தங்கை நெஃப்திஸும் உடலைத் தேடி எடுத்தார்கள். ஐசிஸ் பருந்து வடிவில் அவன்மேல் சிறகடித்து உயிர்கொடுத்துக் கருவுற்றாள். அந்தக் காட்சி அபிடோஸ் கோயிலில் உண்டு. பிறந்த ஹோரஸ் நாணற்காட்டில் ஒளிந்து வளர்ந்து, சேத்தோடு மோதி, அரியணையை மீட்டான். ஒசைரிஸ் இறந்தவர் உலகத்துக்கு அரசனாக அங்கேயே தங்கிவிட்டான்.

கதையை முதலிலிருந்து கடைசிவரை கோவையாகச் சொன்னது கிரேக்கரான புளூட்டார்க். உடலைப் பதினான்கு துண்டாக்கியது அவருடைய எழுத்தில் வருவது. எகிப்தியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதைத் துண்டு துண்டாகப் பாடினார்கள், கொலையை மட்டும் பெரும்பாலும் வாயால் சொல்லவே மாட்டார்கள், படமாகவும் வரைய மாட்டார்கள். சொன்னாலோ வரைந்தாலோ அது மறுபடி நடந்துவிடும் என்ற அச்சம். துட்டன்காமன் கல்லறையில் ஒசைரிஸ் வடிவில் ஒரு மரச்சட்டம் கிடைத்தது. உள்ளே நைல் மண்ணைக் கொட்டித் தானியம் விதைத்திருந்தார்கள். கல்லறையை மூடிய பிறகு அந்த இருட்டில் அது முளைத்திருந்தது.

அப்போ சேத் வில்லன்தானே?

இந்தக் கதையில் வில்லன். இன்னொரு கதையில், ராவின் படகு இரவில் போகும்போது அபோபிஸ் என்ற பெரும்பாம்பு வழிமறிக்கும். படகின் முனையில் நின்று அதை ஈட்டியால் குத்துவது சேத். அவன் இல்லாவிட்டால் மறுநாள் விடியாது. பாலைவனம், புயல், அந்நிய நாடு எல்லாம் அவன் பக்கம். அந்த முரட்டுப் பலம் ஓர் அரசனுக்குத் தேவை, அதனால்தான் சேத்தின் பெயரையே வைத்துக்கொண்ட அரசர்கள் வந்தார்கள்.

முதலாம் சேத்தி அவர்களில் ஒருவர். அவர் அபிடோஸில், அதாவது ஒசைரிஸின் சொந்த ஊரிலேயே, கோயில் கட்டினார். கொலைகாரனின் உருவத்தை அங்கே எப்படிப் பொறிப்பது? தன் பெயரில் வரும் சேத் குறியை எடுத்துவிட்டு ஒசைரிஸ் குறியைப் போட்டுக்கொண்டார். சமாளிப்பு என்றால் இதுதான். கி.மு. முதல் ஆயிரமாண்டில் நிலைமை மாறி, சேத் முழுக் கெட்டவனாக ஒதுக்கப்பட்டான். எட்ஃபு கோயிலில் ஹோரஸ் அவனைச் சின்னஞ்சிறு நீர்யானையாகக் குத்திக் கொல்வதைச் செதுக்கியிருக்கிறார்கள். வேண்டுமென்றேதான் சிறிதாக, பெரிதாகச் செதுக்கினால் ஆபத்து.

அனுபிஸ்தானே எமன்? தோத் சித்திரகுப்தனா?

அனுபிஸ் உயிரைப் பறிப்பதில்லை. உடலைப் பதப்படுத்துவதும் காப்பதும் அவர் வேலை. இறந்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் மாத்தின் இறகை இன்னொரு தட்டிலும் வைத்து அவர் நிறுப்பார். தோத் எழுதிக்கொள்வார். தீர்ப்பு ஒசைரிஸ் முன்னால். அதனால் தோத் வரை உங்கள் ஒப்பீடு ஓரளவு பொருந்தும், அனுபிஸுக்குப் பொருந்தாது.

இதயம் கனத்தால் நரகத்துக்கு அனுப்புவது என்றில்லை. முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல் கொண்ட அம்மிட் அதை விழுங்கிவிடும், அவ்வளவுதான், ஆள் அடியோடு இல்லாமல் போவார். அதற்கு முன்னால் நாற்பத்திரண்டு தெய்வங்களிடம் "நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, தண்ணீரை மறிக்கவில்லை" என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். "என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே" என்று வண்டு வடிவக் கல்லில் மந்திரம் எழுதி மம்மியின் நெஞ்சில் வைத்ததைப் பார்த்தால், எல்லோருக்குமே கொஞ்சம் உதறல் இருந்திருக்கிறது. கி.மு. 1250 வாக்கில் ஆனி என்ற எழுத்தருக்காகச் செய்த பாப்பிரஸ் சுருளில் இந்தக் காட்சி மிக அழகாக இருக்கிறது.

செக்மெட்டும் பாஸ்டெட்டும் ஒருத்தியா, ரெண்டு பேரா?

ஒருத்தியும்தான், இரண்டு பேரும்தான். ஆமுன்-ரா பதிலை மறுபடி ஒரு பார்வை பாருங்கள். இருவருமே முதலில் சிங்கங்கள். பாஸ்டெட் பிற்காலத்தில் பூனையாகச் சாந்தமானாள், செக்மெட் சிங்கமாகவே இருந்தாள்.

கிழடாகிவிட்ட ராவுக்கு எதிராக மனிதர்கள் சதி செய்ததும், அவர் தன் கண்ணை ஹாத்தோர் வடிவில் அனுப்பினார். அவள் செக்மெட்டாகி வெட்டித் தள்ள ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. ரா பீரில் சிவப்புக் காவி கலந்து வயல் முழுக்க ஊற்றச் செய்தார். இரத்தம் என்று நினைத்துக் குடித்து, போதையேறி, வந்த வேலையை மறந்தாள். இதை நினைவுகூர்ந்து குடித்துக் கொண்டாடும் விழாவும் இருந்தது. நோய் அனுப்புபவளும் அவளே, நோய் நீக்குபவளும் அவளே. அவளுடைய பூசாரிகள் வைத்தியம் பார்த்தார்கள். மூன்றாம் ஆமென்ஹோடெப் அவளுக்கு நூற்றுக்கணக்கில் கருங்கல் சிலைகள் செய்து நிறுத்தினார். உலகத்தின் பெரிய எகிப்திய அருங்காட்சியகங்கள் பலவற்றிலும் அதில் ஒன்றிரண்டு இருக்கும்.

ஃபாரோவும் கடவுளா?

பதவி தெய்வீகம், ஆள் மனிதன் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்வரை ஹோரஸ், இறந்த பின் ஒசைரிஸ். கோயில் சுவரில் படையல் வைப்பவராக எப்போதும் அரசரைத்தான் செதுக்குவார்கள். மேலே சொன்ன பூசாரிகள் எல்லோரும் அவருக்குப் பதிலாகச் செய்பவர்கள். அரசர் கையில் ஒரு குட்டி மாத் உருவத்தை வைத்துத் தெய்வத்திடம் நீட்டும் காட்சி அடிக்கடி வரும். உலகத்தை ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று கணக்குக் காட்டுவது அது.

சிலர் எல்லை தாண்டினார்கள். அபு சிம்பெல் கருவறையில் ப்தா, ஆமுன்-ரா, ராவும் ஹோரஸும் சேர்ந்த ரா-ஹோராக்தி ஆகியோரோடு இரண்டாம் ராம்சேஸும் நாலாவதாக உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு இருந்தபோதே.

அகெனாட்டன் ஒரே கடவுள்தான்னு சொன்னாராமே? அவர்தான் முதல் ஏகத்துவவாதியா?

கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டவர். சூரிய வட்டமான ஆட்டெனை மட்டும் முன்னிறுத்தி, அமர்னாவில் புது நகரம் கட்டி, ஆமுனின் பெயரை நாடு முழுக்கச் சுரண்டி அழிக்கச் செய்தார். தன் தகப்பனார் ஆமென்ஹோடெப்பின் பெயரில் வரும் "ஆமென்" கூடத் தப்பவில்லை. கலையில் இது பெரிய திருப்பம். ஆட்டெனுக்கு முகமோ உடம்போ கிடையாது. வட்டத்திலிருந்து இறங்கும் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கையில் முடியும், அரசர், அரசி மூக்கருகே உயிர்க்குறி நீட்டும். மற்றவர்கள் மூக்குக்குக் கிடையாது.

அதில்தான் விஷயம். அரச குடும்பம் ஆட்டெனைக் கும்பிட்டது, மற்றவர்கள் அரச குடும்பத்தைக் கும்பிட வேண்டியிருந்தது. "ஏகத்துவம்" என்று அவசரப்பட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. அமர்னாவின் எளிய வீடுகளிலேயே பெஸ், தவரெட் தாயத்துகள் தோண்டக் கிடைத்திருக்கின்றன. அவர் போனதும் பழைய வழிபாடு திரும்பியது. துட்டன்காட்டன் என்ற பெயரோடு வளர்ந்த சிறுவன் துட்டன்காமன் ஆனான்.

சிலைக்கெல்லாம் ஏன் மூக்கு உடைஞ்சிருக்கு? முகத்தைக் கொத்தி எடுத்திருக்காங்களே?

சில தானாக விழுந்து உடைந்தவை. மூக்கு துருத்திக்கொண்டிருப்பதால் முதலில் போவதும் அதுதான். வேண்டுமென்றே கொத்தியவையும் ஏராளம். சிலை செய்து முடித்ததும் "வாய் திறப்பு" என்ற சடங்கு செய்வார்கள். தச்சர் கருவி போன்ற ஒன்றால் வாயைத் தொட்டால் சிலை மூச்சு விடும், உண்ணும், கேட்கும். மம்மிக்கும் இதே சடங்கு. அப்படி உயிர்பெற்றது மூக்கை இழந்தால் மூச்சு நின்றது. கல்லறைத் திருடர்களும் பகை அரசர்களும் இதை அறிந்தே செய்தார்கள். பின்னால் வந்த கிறித்தவர்கள் கோயில்களைத் தேவாலயமாக மாற்றியபோது முகம், கை, கால்களைக் குறிபார்த்துக் கொத்தினார்கள். நம்பிக்கை இல்லாதவர் இவ்வளவு பாடுபட மாட்டார். அந்தக் கல்லில் ஏதோ இருக்கிறது என்று அவர்களும் பயந்திருக்கிறார்கள்.

எகிப்துச் சாமிகளுக்கும் தமிழருக்கும் தொடர்பு உண்டாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

பெயர் ஒலி ஒத்துப்போகிறது, கோபுரம் ஒத்துப்போகிறது என்று வருவதையெல்லாம் தள்ளிவிடுங்கள். உண்மையான தொடர்பு அதைவிடச் சுவையானது, அது வணிகம். செங்கடல் கரைத் துறைமுகமான பெரெனிகேயில், செராப்பிஸ் கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியப் பானை ஒன்றில் 7.55 கிலோ கருமிளகு கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டுச் சரக்கு. செராப்பிஸ் யார் தெரியுமா? மேலே பார்த்த ஆப்பிஸ் காளையையும் ஒசைரிஸையும் சேர்த்து, கிரேக்க முகம் கொடுத்து, எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி அரசர்கள் வளர்த்த தெய்வம். அதே பெரெனிகேயிலும் இன்னொரு செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகே ஐசிஸ் கோயிலில் ஒரு புத்தர் சிலை கிடைத்ததை 2023-இல் அறிவித்தார்கள். கடலோடி வந்தவர்கள் அவரவர் சாமியோடு வந்து, அங்கே இருந்த சாமியையும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாம் ராம்சேஸின் மம்மி மூக்கில் மிளகு வைத்திருக்கிறார்கள். எத்தனை கை மாறி அங்கே போனதோ.

எப்போ நின்னுது இதெல்லாம்?

ஒரே நாளில் நிற்கவில்லை. அரசு ஆதரவு போனதும் கோயில்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. தெற்கே பிலே தீவின் ஐசிஸ் கோயில்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. நாள் குறித்துள்ள கடைசி ஹைரோகிளிஃப் எழுத்து அங்கேதான், கி.பி. 394 ஆகஸ்ட் 24. எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியப் பகுதி மக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால் பேரரசர் ஜஸ்டினியன் காலம்வரை, அதாவது 530-கள் வரை, கோயில் திறந்திருந்தது. பிறகு அதிலேயே தேவாலயம் வந்தது. லக்சர் கோயிலுக்குள் இன்று அபு அல்-ஹக்காக் மசூதி இருக்கிறது. அந்த மகானின் ஆண்டு விழா ஊர்வலத்தில் படகுகளை இழுத்துப் போகிறார்கள். ஓபெட் படகின் தொடர்ச்சி என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது, அதனால் நான் அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை.

நேர்ல பார்க்கணும்னா எங்கே போறது? ஒரு வாரம்தான் லீவு.

கெய்ரோவில், 2025 நவம்பரில் முறைப்படி திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். துட்டன்காமன் பொருட்களில், உள்ளுறுப்புப் பேழையை நாலு பக்கமும் கைவிரித்துக் காக்கும் தங்க தேவியரைத் தவறவிடாதீர்கள்: ஐசிஸ், நெஃப்திஸ், நீத், செல்கெட். பிறகு லக்சரில் தங்கி, கர்னாக்கை அதிகாலையில் பாருங்கள். ஒரு நாள் வண்டி பேசி அபிடோஸும் ஹாத்தோர் கோயில் உள்ள டெண்டேராவும் போய்வரலாம். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களில் இந்த இரண்டும் இருக்காது, நாமாகத்தான் கேட்க வேண்டும். டெண்டேராவில் தலையை நிமிர்த்தினால், மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெறும் வானதேவி நூட் கூரை முழுக்க நீண்டிருப்பாள். கரியைச் சுத்தம் செய்த பிறகு நீலம் பளிச்சென்று வந்திருக்கிறது.

தெற்கே போக நேரமிருந்தால் எட்ஃபு, கொம் ஓம்போ, பிலே. கொம் ஓம்போ இரட்டைக் கோயில்: பாதி முதலைத் தெய்வம் சோபெக்குக்கு, பாதி மூத்த ஹோரஸுக்கு. அபு சிம்பெலில் பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டு நாளும் காலை வெயில் கருவறைவரை போய் ராம்சேஸ் உட்பட மூவர்மேல் விழும். பாதாளத் தொடர்புள்ள ப்தா நிழலிலேயே இருப்பார். அந்த இரண்டு நாளும் கூட்டம் தாங்காது. சிற்பத்தை நின்று பார்க்க வேண்டும் என்றால் வேறு நாளில் போங்கள்.